சுருட்டறையின் ஜன்னல்கள்

கிரெய்டன் துரை வெயில் காலத்துக்கு ஊட்டிக்குப் போகும்போது நாயைக் கூட்டிக்கொண்டு போவார், கிராமபோன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார், ஊறுகாய் ஜாடியைக்கூட விடமாட்டார். சுருட்டுகளை மட்டும் அடையாறு பங்களாவிலேயே விட்டுவிட்டுப் போவார். ஒரு வருஷம் எடுத்துப் போய்ச் சூடுபட்டவர். மலை மேகம் வீட்டுக்குள் புகுந்து, கப்பலேறி வந்த உசத்திச் சரக்கெல்லாம் வெள்ளைப் பூஞ்சை பூத்துக் குப்பைக்குப் போயிற்று. அதிலிருந்து ஏற்பாடு மாறியது. துரை குளிர்ச்சியைத் தேடிப் போவார். சுருட்டுகளைத் தேடிக் குளிர்ச்சி வரும். நடுவில் இருக்கிற மனுஷர்களைப் பற்றி அந்த ஏற்பாட்டில் ஒன்றும் இல்லை.

துரையைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் பெரிய உத்தியோகம், கல்யாணம் ஆகாதவர், குடி அளவோடு, வசவு அதைவிட அளவோடு. சுருட்டு ஒன்றில்தான் பைத்தியம். அதற்கென்று பங்களாவின் வடக்குப் பக்கத்தில் ஓர் அறையையே ஒதுக்கியிருந்தார். கனத்த சுவர், உள்ளே முழுக்கத் தேவதாருப் பலகை, அடுக்கடுக்காகப் பெட்டிகள். இரண்டு ஜன்னல்கள். அவற்றின் இடுக்குகளில் கம்பளித் துணி அடைத்திருக்கும். வெளியே வெட்டிவேர்த் தட்டி. அதற்கு வேளாவேளைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். உள்ளே தகரத் தொட்டியில் ஐஸ் பாளம். சுவரில் காற்றின் ஈரத்தைக் காட்டும் ஒரு கருவி. கடிகாரம் மாதிரி இருக்கும், ஆனால் ஒரே ஒரு முள். துரை தன் கையாலேயே அதன் முகத்தில் இரண்டு சிவப்புக் கோடு போட்டிருந்தார். முள் அந்தக் கோடுகளுக்குள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரன் ரங்கனைக் கேட்டால் தெரியும். காற்று காய்ந்தால் சுருட்டின் மேல் இலை வெடித்துவிடும். அப்போது தண்ணீரில் நனைத்த கடற்பஞ்சைத் தட்டில் வைக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை. அப்போது பஞ்சை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கல்லை வைக்க வேண்டும், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஐஸ் வைத்து அறை குளிரக் குளிர முள் ஈரத்தின் பக்கமே ஏறும். ஐஸே வேண்டாம் என்று விடவும் முடியாது. சூடு ஏறினால் இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிற முட்டைகள் பொரிந்து, எள்ளளவு வண்டு கிளம்பும். ஒரு சுருட்டைத் துளைத்து அடுத்ததற்குப் போகும். ஒரு பெட்டியில் கிளம்பினால் அறையே போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சுருட்டு பக்கத்தில் இருக்கிற வாசனையைக் குடித்துக்கொள்ளும். இதற்காகவே ரங்கன் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டிருந்தான்.

அறைக்குள் போகும்போது கதவை ஒரு சாண் திறந்து, உடம்பை ஒருக்களித்து நுழைந்து, முதுகாலேயே சாத்துவான். நான்கு வருஷப் பழக்கத்தில், பின்புறம் தங்கள் அவுட்ஹவுசுக்குள் சோறு தின்ன வரும்போதும் அப்படியே நுழைவான். அவன் பெண்டாட்டி கெங்கம்மாவுக்குச் சிரிப்பு வரும். "இன்னாய்யா, நம்ம வூட்லகூட குளுரு வெளிய ஓடிடுமா?" என்பாள். அவர்கள் வீட்டுக்குக் கூரை தகரம். ஓடுவதற்கு அங்கே குளிர் எங்கே இருந்தது?

முப்பத்துநாலாம் வருஷத்துக் கத்திரியில் அவர்களுடைய ஒரே மகள் பவுனுவுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து வயசு, வாயாடி. பங்களாவில் சமையல் பார்த்த இனாயத் பாயிடம் தினமும் போய் ஒரு வம்பு இழுத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். வம்புக்கு அன்று வரவில்லையே என்று இனாயத்தே பார்க்க வந்தார். அதற்குள் குழந்தையின் முகத்திலும் மார்பிலும் மணல் தூவியதுபோலப் பொரிபொரியாகக் கிளம்பியிருந்தது.

"அம்மா போட்ருக்கு பாய்," என்றாள் கெங்கம்மா. மணல்வாரி. வாசலில் வேப்பிலை சொருகியாகிவிட்டது.

அம்மை வந்த வீட்டின் சட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வந்திருப்பது நோய் இல்லை, தாய். அவளுக்குக் குளிர்ச்சி வேண்டும்: இளநீர், மோர், வேப்பிலை, மஞ்சள் தண்ணீர். அவளுக்கு ஆகாதது வாசனை. வீட்டில் தாளிக்கக் கூடாது, மீன் கூடாது, ஊதுவத்திகூடக் கூடாது. பீடி குடித்தவன் வாசலில் நிற்கக் கூடாது. இனாயத் இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர். சமையல்கட்டு ஜன்னல் அவுட்ஹவுசைப் பார்த்து இருந்ததால், தானும் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் போய், முண்டகக்கண்ணியம்மன் கோயில் வாசலில் நின்று, உள்ளே போன ஒரு பூக்காரியிடம் சொம்பைக் கொடுத்துத் தீர்த்தம் வாங்கிவந்தார்.

தீர்த்தம் தெளித்தும் காய்ச்சல் இறங்கவில்லை. காலை பத்து மணிக்கே அந்தத் தகரம் கை வைக்க முடியாதபடி காய்ந்தது. உள்ளே மூச்சு விட்டால் மூக்கு சுட்டது. கெங்கம்மா ஈரத்துணி போடுவாள்; திரும்பிப் பார்ப்பதற்குள் துணி உலர்ந்திருக்கும். பவுனு வம்பு பேசுவதை நிறுத்திவிட்டாள். பிறகு தண்ணீர் கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

இனாயத் வேப்பமரத்து நிழலில் நின்று ரங்கனைக் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போலாம் நைனா."

"அம்மா வந்துகீற புள்ளைய ஊசி போடற எடத்துக்கா? இன்னா பாய் நீ."

"அப்ப அந்தச் சுருட்டு ரூம்புல போடு. நீ தண்ணி தெளிக்கிற, ஐஸ் வைக்கிற, எல்லாம் எதுக்கு? தொரை ஊட்டில கீறாரு. யாரு வந்து பாக்கப் போறா?"

ரங்கனுக்கு இது தோன்றாமல் இல்லை. காலையிலிருந்து அந்த அறைக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் தோன்றியது. உள்ளே மார்கழி விடியற்காலை போல இருக்கும். வெளியே வந்தால் பெற்ற பிள்ளை வேகிறது. ஆனாலும் அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"பொகையில நாத்தம் பாய் அங்க. சொவரெல்லாம் அதான். அந்த நாத்தத்துல அம்மாவக் கொண்டுபோய் வெச்சா சும்மா உடுவாளா? கண்ணக் கிண்ணப் பறிச்சிட்டா?"

அவன் சொன்னது பொய் இல்லை. அந்த பயம் அவனுக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு பயமும் இருந்தது. நோய்ப்பிள்ளையை வைத்தால் கதவை இருபது தடவை திறக்க வேண்டும், முள் கோட்டைத் தாண்டும், வண்டு கிளம்பும், இவனுக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவன் ஒரே ஒரு பெட்டிப் பூஞ்சைக்காக வெளியே போனவன். இதை அவன் இனாயத்திடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. சின்ன பயத்தைப் பெரிய பயத்தின் முந்தானைக்குள் ஒளித்து வைத்தான். எனக்கு அவன்மேல் கோபம் இதற்குத்தான்.

கெங்கம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டு வெளியே வந்தாள்.

"யோவ், நாத்தம்தானே? கழுவறேன். மஞ்சத் தண்ணியால சொவரெல்லாம் நான் கழுவறேன். வேப்பில கட்றேன். பொட்டியெல்லாம் எடுத்து அந்தாண்ட வையி. அம்மா வர எடம், சுத்தம் பண்ணாம வெப்பேனா?"

இதற்கு மேல் ரங்கனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சரி என்றான். சரி என்றவன் உடனே குழந்தையைத் தூக்கியிருந்தால் இந்தக் கதையை நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

முதலில் பெட்டிகளை எடுத்தான். துரையின் குளியலறை சின்னது, இருட்டு, ஒரே ஒரு கையகல ஜன்னல். அங்கே கொண்டுபோய் அடுக்கினான். ஒரு பெட்டியைக்கூடச் சாய்க்கவில்லை. ஐஸ் தொட்டியையும் அங்கேயே இழுத்துக்கொண்டு போனான். ஐஸ் எதற்கு அங்கே என்று இனாயத் கேட்டதற்கு, அம்மைக்காரப் பிள்ளைக்கு ஐஸ் காற்று பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்றான். அதுவும் எல்லோரும் சொல்கிற விஷயம்தான். ஈரம் காட்டும் கருவியையும் கழற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டினான்.

கெங்கம்மா இரண்டு குடம் மஞ்சள் தண்ணீர் கரைத்துப் பலகைச் சுவர் முழுக்க அடித்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் புகையிலை வாசனை கூடியதே தவிரக் குறையவில்லை. வருஷக்கணக்கில் பலகை குடித்த வாசனை, ஈரம் பட்டதும் கிளம்பி வந்தது. அவளுக்கே தும்மல் வந்தது. அறை வாசலில் பாயோடு கொண்டுவந்து கிடத்தியிருந்த குழந்தையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கையைப் பிசைந்தாள்.

"இன்னாய்யா இது, போவ மாட்டேங்குதே. இந்த நாத்தத்துலயா புள்ளைய வைக்கிறது?"

"ஜன்னலத் தொறந்தா போயிடும்," என்றான் ரங்கன்.

இனாயத் பதறிப்போனார். "அரே, மணி பன்னண்டு! இப்பத் தொறந்தா அனல்தான் வரும் ரங்கா. உள்ள கீற குளுரு போயிடும். ஒனக்கு நானா சொல்லணும்?"

உண்மைதான், அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறைக்கென்று தனியாகக் குளிர் கிடையாது, அது மூடியிருப்பதுதான் குளிர் என்று மெட்ராஸ் பட்டணத்திலேயே அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? ஒரு சாண் கதவுக்கே ஒருக்களிக்கிறவன் அல்லவா? ஆனால் சுருட்டுகள் வெளியே போனதும் அவன் கண்ணுக்கு அது வேறு அறையாகிவிட்டது. முள் இல்லாத சுவர், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத வெறும் அறை. அங்கே இனிமேல் பயப்பட வேண்டியது அம்மனுக்கு மட்டும்தான் என்று நினைத்தான்.

"கொஞ்ச நேரம்தான் பாய். நாத்தம் போனதும் சாத்திடலாம்."

இடுக்கிலிருந்த கம்பளித் துணியைப் பிடுங்கி எறிந்தான். காற்று தாராளமாக வரட்டும் என்று வெட்டிவேர்த் தட்டிகளையும் சுருட்டிக் கட்டினான். இரண்டு ஜன்னல்களையும், கதவையும் ஆவென்று திறந்துவைத்தான். மேல்காற்று வீசுகிற நேரம். கிண்டிப் பக்கத்திலிருந்து பொட்டல் வழியாக வருகிற காற்று, அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி. வடக்குச் சுவரில் மோதித் திரும்பி உள்ளே புகுந்தது. மஞ்சள் தண்ணீர் சுவரிலேயே காய்ந்தது. மூன்று பேரும் அறை வாசலில் நின்று மோந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"போயிடுச்சா?"

"இன்னும் கீது."

"இப்ப?"

"லேசா கீது."

குழந்தை அவர்கள் காலடியில், நிழலில், பாயில் கிடந்தது.

ஒருவழியாக வாசனை மட்டுப்பட்டது என்று மூவரும் ஒப்புக்கொண்டபோது ரங்கன் ஜன்னல்களைச் சாத்தினான். கெங்கம்மா வேப்பிலைக் கொத்துகளைப் பலகைகளில் சொருகினாள். தரையில் வேப்பிலை பரப்பி, அதன்மேல் குழந்தையைப் படுக்க வைத்தாள். படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தவள், சுவரில் கை வைத்துப் பார்த்தாள். சுவர் சுட்டது.

"யோவ்," என்றாள். "இங்கயும் அதே சூடா கீதேய்யா."

சாத்திய அறையில் இப்போது அனலும் சேர்ந்து சாத்தப்பட்டிருந்தது. ரங்கன் வெளியே ஓடித் தட்டிகளை இறக்கித் தண்ணீர் தெளித்தான். நாள்கணக்கில் சேர்த்த குளிர் நாலு குடம் தண்ணீருக்கு வருமா? பவுனுவின் கண் மேலே சொருக ஆரம்பித்தது.

"ஐஸக் கொண்டாய்யா! ஜன்னி வந்தா வருட்டும், கொண்டாய்யா!"

ரங்கன் குளியலறைக்கு ஓடினான். ஓடினவன் கதவை ஒரு சாண் திறந்தான். ஒருக்களித்து நுழைந்தான். முதுகால் சாத்தினான். அவன் கண் தானாகச் சுவரில் மாட்டிய முள்ளுக்குப் போயிற்று. அது சிவப்புக் கோடுகளுக்கு நடுவே அசையாமல் நின்றது. அதற்குப் பிறகுதான் குனிந்து ஐஸை உடைத்தான். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது கெங்கம்மா கத்தவில்லை. குழந்தையின் வாயை மூடிவிட்டுக்கொண்டு இருந்தாள். ஐஸ் அவன் கையிலேயே சொட்டியது.

அம்மை கண்டு போன பிள்ளைக்கு மேளம் கிடையாது, வெகுநேரம் வைத்திருப்பதும் கிடையாது. இனாயத்தான் ஓடி நாலு பேரைக் கூட்டிவரப் போனார். கெங்கம்மாவின் தாய்வீடு மயிலாப்பூர்ப் பக்கம், அவர்களும் வந்தாக வேண்டும். குழந்தையை எடுத்து அவுட்ஹவுஸ் வாசலில் வேப்பமரத்தடியில் கிடத்தியிருந்தார்கள். அந்த நேரத்தில் ரங்கன் பெட்டிகளை மறுபடி சுருட்டறைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தான். தொட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது; சாயங்கால வண்டியில் புதுப் பாளம் வந்துவிட்டிருந்தது. என்ன செய்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம். கால் பழகியிருந்தது, கை பழகியிருந்தது.

கெங்கம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தாள்.

"புள்ளையத் தூக்கறதுக்கு மின்னாடி பொட்டியத் தூக்கிக்கினு போறான் பாரு," என்றாள். அவனிடம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னாள். அதன் பிறகு அவனோடு பேசுவதை விட்டாள்.

துரை ஊட்டியிலிருந்து திரும்பியபோது மேல்காற்று அடங்கியிருந்தது. விஷயத்தை இனாயத் சொன்னார், குழந்தை அம்மையில் போயிற்று என்ற அளவுக்கு. துரை நிஜமாகவே வருத்தப்பட்டார். ரங்கனைக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்தார். இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, மேலே என்ன சொல்வதென்று தெரியாமல் சுருட்டறைக்குப் போனார். முள் கோடுகளுக்குள் நின்றது. ஒரு பெட்டியைத் திறந்து விரலால் அழுத்திப் பார்த்தார். வெடிப்பில்லை, பூஞ்சையில்லை, வண்டில்லை. சந்தோஷமாக ஒன்றைப் பற்ற வைத்தார்.

இரண்டு இழுப்புக்கு மேல் இழுக்கவில்லை. முகத்தைச் சுளித்து, சுருட்டை எட்டப் பிடித்துப் பார்த்தார். வேறு பெட்டியிலிருந்து வேறொன்று. அதுவும் அப்படியே. ஒரே கசப்பு. வேப்பிலையும் மஞ்சளும் கலந்த ஒரு கசப்பு.

ரங்கனுக்கு இது தெரியும். பவுனுவைப் புதைத்துவிட்டு வந்த மறுநாளே தெரியும். வேப்பிலைக் கொத்துகளை எடுத்துப் போட மறந்து மூடிய அறை அது. கதவைத் திறந்ததும் அந்த வாசனை அவன் முகத்தில் வந்து நின்றது: குழந்தையைக் கடைசியாகப் படுக்க வைத்த வாசனை. கொத்துகளை அவன் அப்புறமும் எடுக்கவில்லை. அவையாகச் சருகாகும்வரை விட்டுவைத்தான். முள்ளைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு தினமும் வெகுநேரம் உள்ளேயே நின்றான். மூடி வைத்தால் எதுவும் போகாது என்பது அவனுக்குத் தெரிந்த தொழில்.

"எல்லாம் கெட்டுப்போச்சு, ரங்கன்," என்றார் துரை. கோபம்கூட இல்லை, அலுப்புதான். "பெட்டி எல்லாம் கொண்டுபோய்த் தோட்டத்தில் கொளுத்து. பலகைக்கு பினாயில் போடு. ஜன்னல் திற. ஒரு வாரம் திறந்தே இருக்கட்டும்."

பெட்டிகளை ரங்கன் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தான். கடைசிப் பெட்டியை வைத்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்கவில்லை. துரை கூப்பிட்டார். கதவைத் தட்டினார்.

"தொறக்க மாட்டேன் தொரை," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

துரைக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. திறக்காவிட்டால் இன்றோடு வேலை இல்லை என்றார். இனாயத் கதவருகே போய்க் கெஞ்சிப் பார்த்துவிட்டு, வழி தெரியாமல் அவுட்ஹவுசுக்குப் போய்க் கெங்கம்மாவைக் கூட்டிவந்தார்.

அந்த நாளுக்குப் பிறகு அவள் பங்களாப் பக்கமே வந்ததில்லை. கதவின் முன்னால் நின்று, "நான்தான்," என்றாள். கதவு ஒரு சாண் திறந்தது. அவளும் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டியிருந்தது.

இருட்டில் முதலில் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு மூச்சை இழுத்தாள். இழுத்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். அறை குளுகுளுவென்று இருந்தது. வேப்பிலை, மஞ்சள், அதற்கு அடியில் லேசாகக் குழந்தையின் வியர்வை. அது நிஜமாக இருந்ததோ, அவளுக்கு மட்டும் இருந்ததோ. ரங்கன் ஜன்னலுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் அழுகை.

"இத்தத் தொறக்கச் சொல்றாங்கமே," என்றான். "தொறந்தா எல்லாம் பூடும். நான் தொறக்க மாட்டேன்."

கெங்கம்மா அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே துரை மறுபடியும் கதவைத் தட்டினார்.

"இந்தப் புடிவாதத்த அன்னிக்குப் புடிச்சிருக்கக் கூடாதாய்யா?" என்றாள்.